அதே பக்கத்தில் ஒரு திருத்தம்

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து லண்டன் நோர்பரி பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது டிலானி தொலைபேசியில் கூப்பிட்டாள். இன்னும் ஐந்து வாரத்தில் உன் மனைவியாகப் போகிறவள். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த பிள்ளை, ஆனால் என்னோடு தமிழில்தான் கதைப்பாள். "மாமா, மண்டபத்தில நீங்கள் பேசேக்க அந்த நாலு பாடக் கதையைக் கட்டாயம் சொல்லோணும். இவர் சொல்லி எனக்குச் சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்தது. ஆனா நீங்கள் சொன்னாத்தான் எடுபடும்," என்றாள். "பாப்பம் பிள்ளை," என்றேன். "பாப்பம் இல்லை மாமா, ஓம் எண்டு சொல்லுங்கோ." பஸ் வந்துவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன். பஸ் வரவில்லை. மழைக்குள் இருபது நிமிடம் நின்றேன். அந்த இருபது நிமிடத்தில்தான் இந்தக் கடிதத்தை எழுதுவதென்று முடிவெடுத்தேன்.

நீ சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். பதினேழு வயதில் நீ பள்ளிக்கூடத்தின் கடைசி இரண்டு வருடமான சிக்ஸ்த் ஃபோமில் நான்கு பாடங்கள் படித்தாய்: கணிதம், பௌதிகம், இரசாயனம், அவற்றோடு பள்ளிக்கூடம் எல்லோருக்கும் கட்டாயமாக வைத்திருந்த ஜெனரல் ஸ்டடீஸ் என்ற பொது அறிவுப் பாடம். கட்டடப் பொறியியலுக்கு இடம் தருவதாகச் சொன்ன பல்கலைக்கழகம் ஒரு ஏயும் இரண்டு பியும் கேட்டது. உன் அப்பா யாழ்ப்பாணத்தில் நான்கு பாடத்தையும் கூட்டி மொத்தப் புள்ளி பார்த்த காலத்து மனிதர். இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்து, இரசாயனம் சறுக்கினாலும் ஜெனரல் ஸ்டடீஸ் தூக்கிவிடும் என்று சொல்லிவிட்டார். அந்தப் பாடம் கணக்கிலேயே இல்லை என்று ஓகஸ்ட் மாதம்தான் தெரியவந்தது. "எங்கட அப்பா ஊர்க் கணக்குப் போட்டு என்னை டிராம் ஓட்ட விட்டிட்டார்," என்று நீ முடிப்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பன்னிரண்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கதை உண்மை இல்லை. உனக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும்.

இதை வீட்டு மேசையில் இருந்து சொல்லாமல் ஏன் பத்திரிகையில் எழுதவேண்டும் என்று நீ கேட்பாய். அந்தக் கதையை நான் இதே மாத இதழில், இதே பக்கத்தில் என் பெயரோடு அச்சிட்டேன். "ஊர்க் கணக்கை இங்கே போடாதீர்கள்" என்று தலைப்பு. யாழ்ப்பாணத்தில் நான் நிருபராக இருந்த பத்தொன்பது வருடமும் எங்கள் செய்தி ஆசிரியர் ஒரு வழக்கத்தை விட்டதில்லை: பிழை எந்தப் பக்கத்தில் வந்ததோ, திருத்தமும் அந்தப் பக்கத்தில்தான் வரவேண்டும். முதற்பக்கத்தில் ஒருவனைச் சாகடித்துவிட்டு ஏழாம் பக்கத்து மூலையில் உயிர்ப்பிக்கக் கூடாது என்பார். அவரிடம் படித்த தொழிலில் எனக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு வழக்கம்தான். அதையாவது காப்பாற்றப் பார்க்கிறேன்.

முதலில் கடிதங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். இந்த நாட்டுக்கு வந்த முதல் ஆறு வருடமும் எங்கள் சீவியம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்திலிருந்து வரும் கடிதங்களில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் போல வந்திருந்த வீடுகளில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள்தான் தாய் தகப்பனுக்குக் கடிதம் வாசித்துச் சொன்னார்கள். ஒரு வீட்டில் சின்னப் பெட்டை ஒருத்தி பள்ளிக்கூடச் சீருடையோடு நின்று, "அம்மா, எங்களைத் திருப்பி அனுப்பப் போயினமாம்," என்று வாசித்ததை நான் நேரில் கேட்டேன். அன்று வீட்டுக்கு வந்து ஒரு சட்டம் போட்டேன். எங்கள் வீட்டில் பிள்ளை கடிதம் உடைக்கக் கூடாது. யார் பெயருக்கு வந்தாலும் என் மேசையில் வைக்கவேண்டும். நான் அகராதியையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு கடைசி வரி வரை வாசிப்பேன். முக்கியமான வரிக்குக் கீழே கோடு போடுவேன். பிறகு உங்களுக்குத் தெரியவேண்டியதைச் சொல்வேன். உன்னுடைய சின்ன வயதைக் காப்பாற்றினேன் என்று பெருமைப்பட்டேன். அதில் பாதி இன்னும் உண்மைதான். ஆனால் உனக்குத் தெரியவேண்டியது எது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அந்தச் சட்டத்துக்குள் இருந்தது. விசா கிடைத்தது. கடவுச்சீட்டும் கிடைத்தது. சட்டத்தை நான் நீக்கவில்லை. உனக்கும் அது பழகிவிட்டது. பதினெட்டு வயதிலும் உன் பெயருக்கு வந்த உறையை உடைக்காமல் என் மேசையில் வைத்துவிட்டுப் போவாய்.

அடுத்தது புதன்கிழமைகள். ஜெனரல் ஸ்டடீஸைப் பள்ளிக்கூடத்தில் யாரும் மதிக்கவில்லை. "நித்திரை கொள்ளுற பாடம் அப்பா," என்றாய் முதல் வாரம். இரண்டாவது வாரம் ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாய். ஓர் அரசாங்கம் பத்திரிகையை மூடலாமா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் அச்சுக்கூடத்துக்கு இரண்டு தடவை பூட்டுப் போட்டதை வாசலில் நின்று பார்த்தவன் நான். அப்போது நான் குரோய்டனில் ஒரு பெரிய கடையின் களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். அங்கே என் அபிப்பிராயம் தேவைப்பட்ட ஒரே விடயம் பால் எத்தனை தட்டு இறக்குவது என்பதுதான். அன்று நீ கேட்டாய், நான் சொன்னேன். அம்மா சாப்பாட்டை மூன்று தரம் சூடாக்கினாள். "ரெண்டு பேரும் பாராளுமன்றத்தைக் கலைச்சுப்போட்டுச் சாப்பிட வாருங்கோ," என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு புதனும் எனக்கு வேலை இல்லாத நாளாகக் கேட்டு வாங்கினேன். மரண தண்டனை, அணுமின் நிலையம், வாக்களிக்கும் வயது, அருங்காட்சியகத்தில் இருக்கும் பிறநாட்டுப் பொருட்கள் யாருக்குச் சொந்தம் என்று எல்லாவற்றையும் பேசினோம். ஒரு செய்தியை எப்படிப் பிடித்து உலுக்குவது என்று உனக்குக் காட்டித் தந்தேன். மூன்று கேள்வி கேள் என்றேன். யார் சொன்னது? அவருக்கு எப்படித் தெரியும்? அவர் எதைச் சொல்லாமல் விட்டார்? நீ அதைப் பிடித்துக்கொண்டாய். எந்தக் கட்டுரை என்றாலும் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குவாய். உன் ஆசிரியை அதைப் பாராட்டி ஓரத்தில் எழுதிவிட்டிருந்தார். அந்தத் தாளை நான் களஞ்சியத்துக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு நேரத்தில் திரும்பவும் வாசித்திருக்கிறேன். உனக்குப் பதினாறு வயதாகும்வரை நீயும் நானும் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசியிருப்போமா? இந்தப் பாடம் வந்து உன்னை என்னிடம் கொண்டுவந்து இருத்தியது. இதை மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. காரணத்தைச் சொல்லாத செய்தி அரைச் செய்தி என்பதால் சொல்கிறேன்.

ஜனவரி மாதம் பள்ளிக்கூடம் வைத்த மாதிரிப் பரீட்சையில் இரசாயனத்துக்கு டி வந்தது. நோர்பரியில் சேலைக்கடைக்கு மேல்மாடியில் இரசாயனம் சொல்லிக்கொடுத்த மாஸ்டரிடம் அம்மா போய்க் கேட்டாள். ஒரே ஒரு வகுப்பில்தான் இடம் இருந்தது. புதன்கிழமை பின்னேரம். "பெடியன் மோடன் இல்லை. என்னட்ட விட்டா நாலு மாதத்தில பி எடுக்க வைப்பன்," என்று அவர் சொல்லியிருந்தார். நீ யோசித்துக்கொண்டிருந்தாய். ஜெனரல் ஸ்டடீஸைச் சில பல்கலைக்கழகங்கள் கணக்கில் எடுக்கும், சில எடுக்காது, உங்கள் கடிதத்தைப் பாருங்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். பெப்ரவரியில் கடிதம் வந்தது. நீ உடைக்காமல் என் மேசையில் வைத்தாய்.

நான் அதை வாசித்தேன். இரண்டு பக்கக் கடிதம். முதற்பக்கத்தில் வாழ்த்து. இரண்டாம் பக்கத்தில் நிபந்தனை: ஒரு ஏ, இரண்டு பி, ஜெனரல் ஸ்டடீஸ் தவிர்த்து. ஆங்கிலத்தில் அது மூன்று சொல். அகராதி தேவைப்படவில்லை. கை தன்பாட்டில் பென்சிலை எடுத்துக் கோடு போட்டது. கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்த பிறகு நீ குளித்துவிட்டுத் தலையைத் துடைத்துக்கொண்டு வந்தாய்.

"என்னவாம் அப்பா?"

"ஒரு ஏ, ரெண்டு பி."

"ஜெனரல் ஸ்டடீஸையும் சேர்ப்பினமோ? இல்லாட்டி நான் புதன்கிழமை கெமிஸ்ட்ரிக்குப் போகோணும்."

"ஓம்," என்றேன்.

"ஓம் எண்டா, சேர்ப்பினமோ?"

"சேர்ப்பினம். ஊரிலயும் நாலையும் கூட்டித்தானே பாக்கிறவை."

நீ சிரித்தாய். "அப்ப கெமிஸ்ட்ரி மாஸ்டருக்கு நான் வரேல்லை எண்டு நீங்களே சொல்லிவிடுங்கோ," என்று துவாயை என் கதிரையில் போட்டுவிட்டுப் போனாய். ஊர்க் கணக்கு என்பதை அந்த இடத்தில் நான்தான் கொண்டுவந்தேன். பின்னால் தேவைப்படும் என்று நினைத்துச் செய்யவில்லை. ஆனால் பொய் சொல்பவனின் வாய் தனக்கு வேண்டிய சாட்சியை முன்கூட்டியே தேடிக்கொள்ளும் என்பதை நான் நூறு பேட்டியில் மற்றவர்களிடம் பார்த்திருக்கிறேன். புதன்கிழமைகளை விட எனக்கு மனம் வரவில்லை. இரசாயனத்தை நீ எப்படியும் சமாளித்துவிடுவாய் என்று என்னையே நம்பவைத்தேன். இரண்டு கிழமை கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு ஈஸ்டர் முடியச் சொல்லலாம் என்று நினைத்தேன். கொம்பியூட்டரில் உன் விண்ணப்பப் பக்கத்திலும் அந்த நிபந்தனை இருந்திருக்கும். நான் ஓம் என்ற பிறகு நீ ஏன் பார்க்கப் போகிறாய்?

ஓகஸ்டில் முடிவு வந்தது. கணிதம் ஏ, ஜெனரல் ஸ்டடீஸ் ஏ, பௌதிகம் பி, இரசாயனம் டி. நீ எங்கள் வரவேற்பறையில் நின்று பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசி எடுத்தாய். "பட் ஐ ஹாவ் டூ ஏஸ்," என்று இரண்டு தரம் சொன்னாய். மறுமுனையில் ஒரு பெண் பொறுமையாக விளக்கினாள். வைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தக் கணத்தில் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ முந்திக்கொண்டாய். "பரவாயில்லை அப்பா. நீங்கள் ஊர் மாதிரி எண்டு நினைச்சிட்டீங்கள். நான் செக் பண்ணியிருக்கோணும்." பதினெட்டு வயதுப் பிள்ளை தன் வாழ்க்கை சரிந்த நிமிடத்தில் தகப்பனுக்கு ஒரு கதிரையை இழுத்துப்போட்டது. நான் அதில் இருந்துவிட்டேன்.

பல்கலைக்கழகங்களில் நிரம்பாமல் மிஞ்சிய இடங்களில் கிடைத்த ஒரு கணக்கியல் படிப்புக்கு, எங்களில் ஒருவரும் பார்த்திராத வடக்கு நகரத்துக்குப் போனாய். இரண்டாம் வருடம் அங்கிருந்து அழைப்பு வந்து, நானும் அம்மாவும் கோச் பஸ்ஸில் போய் உன்னைக் கூட்டிவந்தோம். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் உன் அறைக்கதவு மூடியே கிடந்தது. அதைப் பற்றி நாங்கள் மூவரும் ஒருபோதும் பேசியதில்லை. இங்கேயும் விரித்து எழுதமாட்டேன். ஒன்றை மட்டும் எழுதவேண்டும். வைத்தியரிடம் உன்னைக் கூட்டிப்போன நாளில் நீ கேட்டதால் நானும் உள்ளே இருந்தேன். இது எங்கே தொடங்கியது என்று அவர் கேட்டார். "நான் கெட்டிக்காரன் இல்லை, அவ்வளவுதான்," என்று நீ ஆங்கிலத்தில் சொன்னாய். "அப்பாவும் அம்மாவும் செய்யவேண்டியது எல்லாம் செய்தவை. பிழை என்னில." வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல விரும்புகிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். மகன், அந்த ஓமை விட இந்த இல்லை பெரிது. ஓம் என்றபோது என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றபோது எல்லாம் வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தது.

நீ மெல்ல எழும்பினாய். டிராம் சாரதிப் பயிற்சிக்குப் போனாய். நல்ல வேலை. நீ வண்டியை நிறுத்தும் விதத்தில் நிற்கும் கிழவிகள்கூட அசைவதில்லை என்று எனக்குச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். நானும் உனக்குத் தெரியாமல் ஏறிப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில்தான் அந்தக் கட்டுரையை எழுதினேன். எழுதுமுன் உன்னிடம் கேட்டேன். "எழுதுங்கோ, ஆருக்காவது உதவட்டும்," என்றாய். சனங்கள் அதை வெட்டி வைத்தார்கள். கோயிலில் பெற்றோர் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். பேசினேன். ஒரு தாய் வந்து கையைப் பிடித்து, "அண்ணை, உங்கட பிழையை இப்பிடி வெளியில சொல்ல எத்தினை பேருக்குத் துணிவு வரும்?" என்று அழுதார். என் நாற்பது வருட எழுத்தில் அதிகம் பாராட்டப்பட்டது அந்தக் கட்டுரை. அதில் ஒரு வரியும் உண்மை இல்லை என்று சொல்லமுடியாது. ஒரு வரிதான் பொய். மற்ற எல்லா வரிகளும் அதன்மேல் நின்றன.

அம்மாவுக்குத் தெரியும். நோய் முற்றிய கடைசி மாதத்தில் ஆஸ்பத்திரிக் கடிதம் ஒன்றைத் தேடி என் கோப்பைக் கிளறியபோது அந்த உறை அவள் கையில் பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் இருந்தாள். நான் தேத்தண்ணியோடு வந்தேன்.

"இஞ்சாருங்கோ, இதில கோடு போட்டிருக்கிறீங்கள்."

நான் தேத்தண்ணியை நீட்டினேன்.

"வாசிச்சுப்போட்டே பிள்ளைக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள்?"

"ஓம்."

அவள் தேத்தண்ணியை வாங்கவில்லை. அன்று முழுக்க என்னோடு கதைக்கவும் இல்லை. அடுத்த நாள் காலை தலையணையைச் சரிசெய்யச் சொல்லிவிட்டுச் சொன்னாள்: "நான் அவனிட்டச் சொல்லமாட்டன். அது உங்கட வேலை. ஆனா அவன் கலியாணம் கட்ட முதல் சொல்லிப்போடுங்கோ. அதுக்குப் பிறகு சொன்னா ரெண்டு பேருக்குச் செய்த பொய்." பதினெட்டு நாளில் போய்விட்டாள். அவளோடு என் முப்பத்தொரு வருடத்தில் கடைசிப் பதினெட்டு நாளும் அவள் என்னை எப்படிப் பார்த்தாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். நீ அதைக் கவலை என்று நினைத்தாய்.

பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். அது சுலபம். திரைக்கு அந்தப் பக்கத்தில் இருப்பவர் அந்தப் பரீட்சையை எழுதியவர் அல்ல. இப்போது அந்தப் பாடமே இல்லை, எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். கணக்கில் எடுக்காத பாடத்தை ஏன் வைத்திருப்பான் என்று சனம் நினைத்திருக்கும். நீ எழுதிய பதில்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன். அவை நல்ல பதில்கள். உன் வாழ்நாளில் நீ படித்த மற்ற எதையும்விட அதை நீ விரும்பிப் படித்தாய் என்று நினைக்கிறேன். அந்த விருப்பத்தையும் நான்தான் பழுதாக்கினேன். இன்று அது உன் வாயில் ஒரு பகிடி.

கலியாணம் கட்டப்போகிறவனுக்குத் தகப்பன் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்தத் தகுதி இல்லை, ஆனாலும் இரண்டு விடயம் சொல்வேன். உங்கள் வீட்டில் கடிதம் உடைப்பதற்கு ஓர் ஆளை நியமிக்காதீர்கள். நல்ல செய்தி, கெட்ட செய்தி எது என்றாலும் இருவரும் பக்கத்தில் இருந்து வாசியுங்கள். பிள்ளை பிறந்து எழுத்துக் கூட்டப் பழகினால் அதுவும் எட்டிப் பார்க்கட்டும்; பயந்தால் மடியில் வைத்திருங்கள். மற்றது, உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. ஒருவர் முகம் வாடினால் அவருடைய பிழையை நீ எடுத்துச் சுமந்துவிடுவாய். அது நல்ல குணம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் பன்னிரண்டு வருடம் சுகமாக இருந்தவன் சொல்கிறேன், அதை விட்டுவிடு. டிலானியிடமும் அப்படிச் செய்யாதே. கேட்கவேண்டிய மூன்றாவது கேள்வியை எல்லோரிடமும் கேட்டாய், என்னிடம் மட்டும் கேட்கவில்லை.

மண்டபத்தில் நான் பேசவேண்டுமா, முன் வரிசையில் இருக்கவேண்டுமா, வரவேண்டுமா என்பதை நீ தீர்மானி. எதையும் நான் எதிர்த்துக் கேட்கமாட்டேன். இந்தப் பிரதி உனக்குத் திங்கட்கிழமை கிடைக்கும். ஆசிரியர் வியாழக்கிழமை வரை பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். நீ ஒரு சொல் சொன்னால் எடுத்துவிடுவார். திருத்தத்தை வழமையான முறையில் கீழே எழுதியிருக்கிறேன்.

திருத்தம்: "ஊர்க் கணக்கை இங்கே போடாதீர்கள்" என்ற தலைப்பில் இப்பக்கத்தில் முன்னர் வெளியான கட்டுரையில், கட்டுரையாளர் பல்கலைக்கழகத்தின் நிபந்தனையை அறியாமையால் பிழையாக விளங்கிக்கொண்டதாக எழுதியிருந்தார். அது தவறு. அவர் நிபந்தனையைப் பரீட்சைக்கு நான்கு மாதங்களுக்கு முன்னரே வாசித்திருந்தார். மகன் கேட்டபோது மாற்றிச் சொன்னார். மகனில் எந்தப் பிழையும் இல்லை.

இதோடு இன்னொரு உறையும் வைத்திருக்கிறேன். உன் பெயருக்கு வந்தது. திரும்ப ஒட்டியிருக்கிறேன். நீயே உடைத்து வாசி. இரண்டாம் பக்கம், கீழிருந்து நான்காவது வரி. கோடு என்னுடையது.

அப்பா